புதிய பொம்மைச் சிப்பாய் கேட்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வரலாற்றுப் பொம்மைச் சிப்பாய்களைச் சேகரிப்பவர்களிடம் "புதுசா என்ன வந்தா நல்லா இருக்கும்?" என்று கேட்டுப் பாருங்கள். பட்டியல் விடியும் வரை ஓடும். தயாரிப்பாளர்களும் இதைக் காது கொடுத்துக் கேட்பவர்கள்தான். இந்தத் தொழிலில் பல நிறுவனங்கள் மிகச் சிறியவை. நீங்கள் எழுதும் கடிதம் நேரே உரிமையாளரின் மேசைக்குப் போகிற வாய்ப்பு அதிகம். அப்படியிருந்தும் ஆசைகளில் பெரும்பகுதி அங்கேயே நின்றுவிடுகிறது. காரணம், அதை வைத்து ஒரு வார்ப்பு அச்சு செய்ய முடியாது என்பதுதான்.

முதல் தவறு, போரின் பெயரை மட்டும் சொல்லிவிட்டு ஆண்டைச் சொல்லாமல் விடுவது. "முதல் உலகப் போர் பிரெஞ்சு வீரர்கள் வேண்டும்" என்று ஒருவர் எழுதுகிறார். எந்த ஆண்டு வீரர்? 1914 ஆகஸ்டில் போருக்குப் போனவர் சிவப்புக் கால்சட்டையும் துணித் தொப்பியும் அணிந்திருந்தார். 1915-இல் சீருடை வெளிர் நீலமாகி, ஆட்ரியன் எஃகுத் தலைக்கவசம் வந்துவிட்டது. எதிரே நின்ற ஜெர்மானியரின் தலையில் முதலில் இருந்தது கூர்முனை வைத்த தோல் தொப்பி. எஃகுக் கவசம் 1916-இல்தான் வந்தது. வண்ணம் தப்பாக இருந்தால் வாங்கியவரே பெயின்ட் அடித்துக்கொள்ளலாம். தொப்பி தப்பாக இருந்தால் தலையை அறுத்து வேறு தலை ஒட்ட வேண்டும். அதையும் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், ஆனால் ஒரு முழுப் படைப்பிரிவுக்கு யாராலும் ஆகாது.

நமக்குப் பக்கத்தில் ஒரு உதாரணம் உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் படைச் சிப்பாயை யாராவது 54 மி.மீ. உருவமாகச் செய்ய வேண்டும் என்பது சிலருடைய ஆசை. என்னுடைய ஆசையும்தான். (பிரிட்டன்ஸ் என்ற ஆங்கிலேயப் பொம்மை நிறுவனம், உருவங்களை ஈயத்தில் வார்த்த காலத்தில் மதராஸ் காலாட்படை செட் ஒன்று போட்டது. ஆனால் அது பிற்காலச் சீருடை.) சரி, 1806 சிப்பாய் என்று கேட்டால் போதுமா? போதாது. 1805 நவம்பரில் புது ஆணை வந்தது. தோலால் ஆன அலங்காரச் சின்னம் வைத்த, ஏறக்குறைய ஐரோப்பியத் தொப்பி போலத் தெரிகிற புதுத் தலைப்பாகையை அணிய வேண்டும். அணிவகுப்பில் நெற்றியில் குறி கூடாது, காதில் கடுக்கன் கூடாது. அந்த ஆணைதான் 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் வெடித்த எழுச்சிக்கு முக்கியக் காரணங்களுள் ஒன்று. பிறகு அது திரும்பப் பெறப்பட்டது. ஆக அந்தத் தலைப்பாகை அணிந்தவர் ஒரு குறுகிய காலத்துச் சிப்பாய். அணியாதவர் அதற்கு முன்னும் பின்னும் இருந்தவர். சிற்பியிடம் சொல்ல வேண்டியது இந்த வித்தியாசத்தைத்தான். கடுக்கனைப் பற்றி ரொம்பக் கவலைப்பட வேண்டாம். 54 மி.மீ. உருவத்தில் காதே ஏறக்குறைய 2 மி.மீ. உயரம்தான். தங்க நிறத்தில் ஊசிமுனையால் ஒரு புள்ளி வைத்தால் முடிந்தது.

அடுத்தது போஸ். எல்லோருக்கும் வாளை ஓங்கியபடி பாயும் வீரர் வேண்டும், துப்பாக்கியை நீட்டிச் சுடும் வீரர் வேண்டும். குழலின் வாய்வழியே வெடிமருந்து இட்டுக் கெட்டிக்கும் பழைய மஸ்கெட் துப்பாக்கிக் காலத்தில் நன்றாகப் பழகிய சிப்பாய் நிமிடத்துக்கு மூன்று முறை சுடுவார். அதாவது ஒரு சுடலுக்கு 20 விநாடி. அதில் குறி பார்த்து விசையை இழுப்பது சில விநாடிதான். மீதி நேரமெல்லாம் தோட்டாக் காகிதத்தைப் பல்லால் கடிக்கிறார், கிண்ணியில் மருந்து வைக்கிறார், துப்பாக்கியை நட்டுவைத்துக் குழலுக்குள் மருந்தும் குண்டும் போடுகிறார், இடிகோலை உருவி இடிக்கிறார். எந்த நொடியில் படம் பிடித்தாலும் வரிசையில் பாதிக்கு மேல் கெட்டித்துக்கொண்டுதான் இருப்பார்கள். நம் அலமாரிகளில் பாருங்கள், எல்லோரும் ஒரே நேரத்தில் சுட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

சரி, கெட்டிக்கும் போஸ் ஏன் குறைவாக வருகிறது? தயாரிப்பாளருக்குத் தெரியாததனால் இல்லை. பிளாஸ்டிக் உருவம் இரண்டு பாதியாகப் பிளக்கும் எஃகு அச்சில் வார்க்கப்படுகிறது. அச்சு திறக்கும்போது எதுவும் கொக்கி போல மாட்டக் கூடாது. சுடும் வீரரின் கையும் துப்பாக்கியும் பக்கவாட்டில் ஒரே தளத்தில் நீளும், சுலபமாக வெளியே வரும். இடிகோல் இடிப்பவருக்கோ துப்பாக்கி மார்புக்கு முன்னால் நிற்கிறது, ஒரு கை அதைப் பிடிக்கிறது, இன்னொரு கை தலைக்கு மேலே போகிறது. துப்பாக்கிக்கும் மார்புக்கும் இடையில் இருக்க வேண்டிய வெளியை அச்சால் உண்டாக்க முடியாது. அங்கே பிளாஸ்டிக் அடைத்துக்கொண்டு, துப்பாக்கி வயிற்றோடு ஒட்டிய கட்டையாகிவிடும். மெல்லிய இடிகோல் மென்பிளாஸ்டிக்கில் வளைந்தும் போகும். இது தெரிந்தவர் "கெட்டிக்கும் போஸ் வேண்டும்" என்பதோடு நிற்காமல் "வலது கையைத் தனித் துண்டாகக் கொடுங்கள், நாங்கள் ஒட்டிக்கொள்கிறோம்" என்றும் எழுதுவார். தயாரிப்பாளர் யோசிக்கத் தொடங்குவது அந்த இரண்டாவது வரியைப் படித்த பிறகுதான்.

இதோடு சேர்ந்ததே உலோகமா பிளாஸ்டிக்கா என்று சொல்லாமல் விடுவதும். உலோக உருவங்களை ரப்பர் அச்சில் வார்க்கலாம். அச்சுச் செலவு குறைவு என்பதால் சில நூறு உருவங்கள் விற்றாலும் கட்டுப்படி ஆகும். பிளாஸ்டிக்கின் எஃகு அச்சு பெருஞ்செலவு, ஆயிரக்கணக்கில் விற்றாக வேண்டும். எல்லோரும் கேள்விப்படாத ஒரு சிறு படைப்பிரிவை மலிவு பிளாஸ்டிக்கில் கேட்பது வீண் முயற்சி. அதே ஆசையை உலோகம் வார்ப்பவரிடம் சொன்னால் நடக்கலாம்.

தளபதிகளைக் கேட்பது இன்னொரு பழக்கம். நெப்போலியன், வெலிங்டன், கஸ்டர். ஒருவருக்கு எத்தனை நெப்போலியன் வேண்டும்? ஒன்று. சாதாரணக் காலாள் என்றால் அறுபது வாங்குவார். அதனால் பெட்டிக்குள் எந்த உருவம் எத்தனை என்று சொல்வது போஸ் கேட்பதைவிட முக்கியம். வாட்டர்லூவில் பிரிட்டிஷ் காலாட்படை குதிரைப்படையைத் தடுக்கச் சதுரமாக நின்றது. நான்கு வரிசை ஆழம், முன்னால் இருந்தவர்கள் மண்டியிட்டு, துப்பாக்கியின் அடியைத் தரையில் ஊன்றி, பாயனெட்டை (துப்பாக்கி முனைக் கத்தியை) சரிவாக நீட்டியிருந்தார்கள். இந்தச் சதுரத்தைக் கட்ட நினைப்பவருக்கு மண்டியிட்டவர்கள் டஜன் கணக்கில் வேண்டும். பெட்டியில் மண்டியிட்டவர் இரண்டு பேர், கொடி பிடித்தவர் இரண்டு பேர், முரசு அடிப்பவர் ஒருவர், வாள் ஓங்கிய அதிகாரி இரண்டு பேர் என்று வந்தால், ஒரு சதுரத்துக்குள் இருபது கொடி முளைத்துவிடும். பச்சைப் பிளாஸ்டிக் பட்டாளப் பைகளில் கண்ணிவெடி தேடும் கருவியோடு வருகிற ஆசாமி இந்த நோய்க்கு நல்ல சாட்சி. ஒருவர் இருந்தால் அழகு, பைக்கு மூன்று பேர் வந்தால் அவர்களை வைத்து என்ன செய்வது?

அளவைப் பற்றிச் சுருக்கமாக. 54 மி.மீ. என்பதும் 1/32 என்பதும் பெரும்பாலும் ஒன்றாகவே பேசப்படுகின்றன. 54-ஐ 32-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 173 செ.மீ. மனிதர். ஆனால் ஹாங்காங்கின் கிங் அண்ட் கன்ட்ரி போன்ற உலோக நிறுவனங்கள் 1/30-இல் செய்கின்றன, அங்கே ஆள் 60 மி.மீ. பக்கம் வருவார். சிலர் உச்சந்தலை வரை அளப்பார்கள், சிலர் கண் வரை. ஏற்கெனவே உங்களிடம் இருக்கும் எந்த செட்டோடு இது சேர்ந்து நிற்க வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். எண்ணைவிட அது தெளிவு.

ஒரு பக்கத்தை மட்டும் கேட்பதும் நடக்கிறது. எதிரி இல்லாத படை அலமாரியில் நிற்கும், அவ்வளவுதான். பீரங்கியைக் கேட்டுவிட்டுப் பீரங்கிக்காரர்களைக் கேட்காமல் விடுபவர்களைப் பார்க்கும்போது, யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குக் கணக்குப் பார்த்த கதைதான் ஞாபகம் வருகிறது. வண்டி, பொதிக் கழுதை, காயம்பட்டவரைத் தூக்கிச் செல்பவர்கள், தண்ணீர் கொடுப்பவர்கள் எல்லாம் கடைசியில்தான் யாருக்காவது தோன்றுகிறது.

கேட்டது நடந்ததற்கு ஒரு நல்ல உதாரணம் அமெரிக்காவில் இருக்கிறது. 2019-இல் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி, பச்சைப் பட்டாளத்தில் ஏன் பெண்களே இல்லை என்று கேட்டு எழுதினாள். பென்சில்வேனியாவின் ஸ்க்ரான்டனில் உள்ள பி.எம்.சி. டாய்ஸ் அதை எடுத்துக்கொண்டது. ஓய்வு பெற்ற கடற்படைப் பெண் ஒருவரும் அதற்கு முன்பே கேட்டிருந்தார். ஆனால் தடை மனமில்லாமை இல்லை, அச்சுக்கான பணம். பொதுமக்களிடம் பணம் திரட்டும் கிக்ஸ்டார்ட்டர் இணையதளத்தில் முன்பணம் திரட்டிய பிறகுதான் பெண் வீரர்கள் அச்சேறினார்கள், 2020-இல் கைக்கு வந்தார்கள். கடிதம் அழகாக இருந்தது என்பதற்காக மட்டும் இது நடந்துவிடவில்லை. வாங்க ஆள் இருக்கிறது என்பது பணமாகவே தெரிந்தது.

அப்படியென்றால் எப்படித்தான் எழுதுவது? "தீபகற்பப் போர் பிரிட்டிஷ் வீரர்கள், ஆக்‌ஷன் போஸில்" என்பது வழக்கமான வரி (ஸ்பெயின், போர்ச்சுகலில் நெப்போலியனின் படைகளோடு நடந்த போர் அது). அதையே இப்படி எழுதலாம்: "1809 பிரிட்டிஷ் காலாட்படை, புகைபோக்கி வடிவ உயரத் தொப்பி, 1812-க்குப் பிந்தையது வேண்டாம். 54 மி.மீ. மென்பிளாஸ்டிக். 16 பேரில் 6 பேர் கெட்டிப்பவர்கள் (கை தனியாக), 4 பேர் நின்று சுடுபவர்கள், 5 பேர் மண்டியிட்டவர்கள், ஒரு சார்ஜென்ட். அதிகாரி, கொடி, முரசு தனி செட்டாக. வந்தால் நான் நான்கு பெட்டி எடுப்பேன்." கடைசி வாக்கியத்தைப் பொய்யாக எழுதாதீர்கள்.

ஏனென்றால் கேட்டது வந்த பிறகு நடப்பதுதான் எனக்கு எரிச்சல். பொத்தான் வரிசை சரியில்லை, முதுகுப்பை சற்றுப் பெரிசு என்று சொல்லி, கேட்டவர்களே தள்ளுபடிக்குக் காத்திருக்கிறார்கள். பெரும்பாலும் ஒரு தொடரின் முதல் செட் விற்ற பணத்தில்தான் இரண்டாவதற்கு அச்சு வெட்டப்படுகிறது. காலாட்படை கிடங்கிலேயே கிடந்தால், அடுத்து வரவேண்டிய பீரங்கிக்காரர்களும் குதிரைப்படையும் வரைபடத்தோடு முடிந்துவிடுவார்கள். பை முதுகில் இருக்கிறது. கொஞ்சம் சீவி எடுத்துக்கொள்ளுங்கள், முதல் மாதத்திலேயே வாங்குங்கள்.