மாங்காய்ப் பத்தையும் உப்புக்காரப் பொடியும்: முதல்முறை செய்பவர்களுக்கு

வெயில் ஏற ஆரம்பித்தால் மெரினாவிலும் பஸ் ஸ்டாண்டு வாசல்களிலும் தள்ளுவண்டிகளில் மாங்காய் பூ மாதிரி விரிந்து நிற்கும். மேலே சிவப்பாக ஒரு தூவல். தின்ன வேண்டாம், பார்த்தாலே தாடையோரம் சுருக்கென்று இழுக்கும். இதை வீட்டில் செய்ய என்ன பெரிய வித்தை வேண்டும், நறுக்கி உப்பும் மிளகாய்த்தூளும் தூவினால் ஆச்சு என்றுதான் நானும் நினைத்தேன். முதல் தடவை டப்பாவில் இருந்த குழம்பு மிளகாய்த்தூளை எடுத்துத் தூவிவிட்டேன். மல்லியும் மஞ்சளும் பருப்பும் சேர்த்து அரைத்த தூள் அது. வாயில் மாவு மாதிரி ஒட்டிக்கொண்டது, கூடவே பச்சை மல்லி வாடை. ஒரு பத்தையைக் கடித்த தம்பி, "அக்கா, இதை அப்படியே குழம்புல போட்டுரு" என்று எழுந்து போய்விட்டான். மாங்காயில் தப்பில்லை. பொடிதான் சொதப்பியது.

அதனால் இங்கேயும் பொடியைத்தான் கொஞ்சம் நீட்டி எழுதப் போகிறேன்.

வேண்டியவை (நான்கு பேருக்கு)

கிளிமூக்கு மாங்காய் – 2
நீட்டு மிளகாய் வற்றல் – 8
குண்டு மிளகாய் வற்றல் – 4
கல்லுப்பு – 1 டேபிள்ஸ்பூன்
சீரகம் – அரை டீஸ்பூன்
பெருங்காயத் தூள் – 2 சிட்டிகை

குண்டு மிளகாய் கிடைக்காவிட்டால் நீட்டு மிளகாயை மட்டும் 12 போடலாம். ஆனால் கிடைத்தால் விடாதீர்கள், அதன் வாசனையே தனி. ராமநாதபுரம் முண்டு மிளகாய் என்பதும் இதுதான், அதற்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கடையில் அந்தப் பெயரைச் சொல்லியும் கேட்கலாம்.

மாங்காய் வாங்கும்போது

எந்த மாங்காயும் ஆகும் என்று சொல்ல மாட்டேன். நாட்டு மாங்காய் ஊறுகாய்க்கு அருமை, பச்சையாக இரண்டு பத்தை தின்றால் பல் கூசிவிடும். கிளிமூக்கு நீளமாக, நுனி கிளியின் மூக்கு போல வளைந்திருக்கும். பெங்களூரா என்பதும் தோத்தாபுரி என்பதும் இதைத்தான். கிருஷ்ணகிரிப் பக்கம் மாம்பழக்கூழ் ஆலைகளுக்கு லாரி லாரியாகப் போவதும் இதுவே. புளிப்பு மிதம், சதை கறுக்மொறுக்கென்று இருக்கும், நார் தொல்லை இல்லை. அமுக்கினால் கல் மாதிரி இருக்க வேண்டும். உள்ளே லேசாக மஞ்சள் ஓடிய செங்காய் கிடைத்தால் எனக்கு இன்னும் சந்தோஷம், புளிப்போடு ஒரு இனிப்பும் வரும்.

வீட்டுக்கு வந்ததும் காம்பைக் கிள்ளி, தலைகீழாக ஒரு பத்து நிமிடம் வையுங்கள். காம்படியில் வடியும் பால் உதட்டில் பட்டால் எரியும், சிலருக்குப் புண்ணே வந்துவிடும். பால் வடிந்த பிறகு நன்றாகத் தேய்த்துக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, ஃப்ரிட்ஜில் ஒரு மணி நேரம் வைத்துவிடுங்கள். குளிர்ந்த மாங்காய்க்கு மொறுமொறுப்பு கூடும்.

பொடி

அடி கனமான வாணலியில் முதலில் கல்லுப்பை மட்டும் போட்டு, சிறு தீயில் வறுங்கள். கடல் உப்பில் எப்போதும் கொஞ்சம் ஈரம் இருக்கும். அது போனால்தான் பொடி கட்டி பிடிக்காது. உப்பு படபடவென்று வெடித்து அடங்கும்போது, காம்பு கிள்ளிய மிளகாய்களை அந்தச் சூட்டிலேயே போடுங்கள். உப்போடு சேர்த்து வறுத்தால் நெடி குறையும் என்று அம்மா சொல்வாள். குறைகிறது, ஆனாலும் ஜன்னலைத் திறந்து வைப்பது நல்லது.

மிளகாய் உப்பி, தொட்டால் கலகலவென்று சத்தம் வர வேண்டும். இரண்டு மூன்று நிமிடத்தில் ஆகிவிடும். இங்கேதான் புதிதாகச் செய்பவர்கள் கோட்டை விடுவார்கள்: கருக விட்டால் பொடி கசக்கும், அந்தக் கசப்பை எதுவும் மறைக்காது. நிறம் மாறத் தொடங்கும்போதே சீரகத்தைப் போட்டு, இரண்டு புரட்டு புரட்டி அடுப்பை அணைத்துவிடுங்கள். பெருங்காயம் கடைசியில், சூட்டோடு.

முழுக்க ஆறட்டும். சூடாக மிக்ஸியில் போட்டால் மூடிக்குள் வியர்த்து, பொடி ஈரமாகிவிடும். ஆறியதும் விட்டு விட்டு நான்கைந்து சுற்று, அவ்வளவுதான். ரவை பதத்தில் நிற்க வேண்டும். நைசாக அரைத்த தூள் மாங்காய் நீரில் உடனே கரைந்து வழிந்துவிடும். கொரகொரப்பாக இருந்தால் பத்தையின் மேலேயே உட்கார்ந்து, கடிக்கும்போது உப்பு ஒரு இடத்தில், காரம் ஒரு இடத்தில் என்று தெரியும். சின்ன உரல் இருந்தால் அதில் இடிப்பதுதான் உத்தமம்.

இந்தப் பொடி இரண்டு மாங்காய்க்கு வேண்டியதைவிடக் கூடுதலாகவே வரும். ஈரமில்லாத பாட்டிலில் போட்டு வைத்தால் சீசன் முழுக்க ஓடும். சிலர் கருப்பு உப்பும் சேர்ப்பார்கள். சேர்ப்பதானால் கால் டீஸ்பூனுக்கு மேல் வேண்டாம், அவித்த முட்டை வாடை தூக்கிவிடும். கடையில் இந்துப்பைக் கொடுத்து இதுதான் அது என்பார்கள், இரண்டும் வேறு.

நறுக்குவது

தோல் சீவ வேண்டியதில்லை. மாங்கொட்டை தட்டையானது, அதனால் அதன் இரு பக்கமும் கத்தியை இறக்கினால் இரண்டு கதுப்பு தனியாக வந்துவிடும். கதுப்பைத் தட்டையான பக்கம் கீழே இருக்கும்படி பலகையில் வைத்து, அரை சென்டிமீட்டர் கனத்துக்கு நீளவாக்கில் பத்தை போடுங்கள். காய் உருளாது, விரலும் தப்பிக்கும். பிஞ்சாக இருந்தால் கத்தி கொட்டைக்குள்ளேயே போய்விடும். உள்ளே இருக்கும் வெள்ளைப் பருப்பை எடுத்துப் போட்டுவிடுங்கள், துவர்க்கும்.

வண்டிக்காரர் மாதிரி பூவாக விரிக்க ஆசையா? முழுக் காயை நிமிர்த்திப் பிடித்து, மேலிருந்து சுற்றிலும் கீறிக்கொண்டே வர வேண்டும், அடியில் ஒரு விரற்கடை விட்டு. பார்க்கச் சுலபமாகத்தான் இருக்கும். நான் மூன்று மாங்காயைத் துண்டு துண்டாக்கிய பிறகுதான் ஒன்று விரிந்தது. முதல் நாளே முயல வேண்டாம்.

தூவுவது

தட்டில் பரப்பி, இரண்டு மாங்காய்க்கு இரண்டு டீஸ்பூன் பொடி. குழந்தைகளுக்கு என்றால் ஒன்று போதும். பிசையாமல் மேலே தூவி, தட்டை ஒரு குலுக்கு குலுக்குங்கள். தூவிய பத்து நிமிடத்துக்குள் தின்றுவிட வேண்டும், ஏனென்றால் உப்பு பட்ட நிமிடத்திலிருந்து மாங்காய் நீர் விட ஆரம்பிக்கும். காலையில் தூவி ஆபீசுக்கு டப்பாவில் கொண்டு போனேன் ஒரு நாள். மதியம் திறந்தால் சிவப்புத் தண்ணீரில் துவண்ட பத்தைகள். இப்போதெல்லாம் பொடியைத் தனியாக ஒரு காகிதத்தில் மடித்து எடுத்துப் போகிறேன்.

வேறு பழங்களுக்கு

இதே பொடி கொய்யாவுக்கும் வெள்ளரிக்கும் அன்னாசிக்கும் பொருந்தும். இவற்றுக்கு மாங்காயின் புளிப்பு கிடையாது, அதனால் முதலில் அரை மூடி எலுமிச்சை பிழிந்துவிட்டுப் பிறகு தூவுங்கள். அன்னாசியில் கண்களை ஆழமாக எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் நாக்கு அரிக்கும். கொழும்பு காலிமுகத் திடலில் விற்கும் அச்சாறு இதற்கு ஒன்றுவிட்ட சொந்தம். அங்கே அம்பரல்லா, வெரளிக்காய் என்ற புளிப்புக் காய்கள், அன்னாசி எல்லாவற்றையும் மிளகாய், உப்பு, சீனி, வினாகிரி (வினிகர்) சேர்த்துப் பிரட்டி ஊற வைப்பார்கள். அதில் நீர் விடுவது குறையில்லை, அந்தச் சாறுதான் ருசியே.

மிஞ்சிய பத்தைகள் நீர் விட்டு நிற்கின்றனவா? கொட்டாதீர்கள். பொடியாக நறுக்கி, அந்த நீரோடு கிண்ணத்தில் போட்டு, இரண்டு டீஸ்பூன் நல்லெண்ணெயில் கடுகும் பெருங்காயமும் தாளித்துக் கொட்டினால் கல்யாண மாங்காய் ரெடி. ராத்திரி தயிர்சாதத்துக்குத் தொட்டுக்கொள்ளலாம்.