கலைத் துறையில் வேலை தேடுகிறீர்களா? சலிப்பிலிருந்து தொடங்குங்கள்

கலைத் துறைக்கு வேலைக்கு வர விரும்புகிறவர்கள் என்னிடம் பேசும்போது, தங்களுக்குக் கலை எவ்வளவு பிடிக்கும் என்றுதான் தொடங்குவார்கள். நாடகம் என்றால் உயிர், ஓவியம் என்றால் சாப்பாடு வேண்டாம். சரி, பிடிக்கட்டும். நான் கேட்பது வேறு: "எந்த வேலையைத் திரும்பத் திரும்பச் செய்தாலும் உங்களுக்கு அலுக்காது?" பெரும்பாலும் பதில் வராது. அந்தப் பதிலைக் கண்டுபிடித்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும் என்பது என் எண்ணம்.

நான் நாடகக் குழுக்களில் ஸ்டேஜ் மேனேஜராக இருந்தேன். இப்போது ஓர் அருங்காட்சியகத்தில் சேகரிப்புகளின் பதிவாளர். இரண்டிலும் கைதட்டல் நமக்கு வராது. பிறர் உருவாக்கியது சிதறாமல் பார்த்துக்கொள்வதுதான் இரண்டுக்கும் பொதுவான வேலை.

அலுப்பு என்று எதைச் சொல்கிறேன்? ஒத்திகையில் யார் எந்தப் பக்கத்திலிருந்து வந்தார், எந்த வசனத்தில் நாற்காலி நகர்ந்தது என்பதையெல்லாம் ஸ்டேஜ் மேனேஜர் பிரதியின் ஓரத்தில் பென்சிலால் எழுதுவார். பேனா உதவாது, இயக்குநர் நாளைக்கே மாற்றிவிடுவார். காட்சி நடக்கும்போது ஹெட்செட்டில் "லைட் 47, ஸ்டாண்ட்பை" (47ஆவது விளக்கு மாற்றத்துக்குத் தயாராக இருங்கள்) என்று எச்சரித்துவிட்டு, சரியான நொடியில் "கோ" என்பார். அந்த ஒரு சொல்லை ஹெட்செட்டில் வேறு எதற்கும் பயன்படுத்த மாட்டோம். தவறிச் சொன்னால் யாராவது பொத்தானை அழுத்திவிடுவார்கள். முதல் நாள் இதெல்லாம் பரபரப்பாக இருக்கும். நாற்பதாவது காட்சியிலும் அதே வசனம், அதே 47. அப்போதும் உங்களுக்கு அந்த நொடி முக்கியமாகத் தோன்றுகிறதா என்பதுதான் கேள்வி.

அருங்காட்சியகப் பதிவு வேறு மாதிரி அலுப்பு. 2019.14.3 என்று ஓர் எண் இருந்தால், 2019இல் வந்த 14ஆவது வரவில் மூன்றாவது பொருள் என்று அர்த்தம். பொருள் கண்காட்சிக்குப் போகும்போதும் திரும்பும்போதும் ஒவ்வொரு கீறலையும் கறையையும் எழுதி, படம் எடுத்து வைக்க வேண்டும். துணி, காகிதம் போன்றவற்றின் மேல் விழும் ஒளி சுமார் 50 லக்ஸுக்குள் (லக்ஸ் என்பது ஒளியை அளக்கும் அலகு) இருக்க வேண்டும். ஒளியால் மங்கிய நிறம் திரும்பாது, பாதிப்பும் சேர்ந்துகொண்டே போகும். அதனால் எந்தப் பொருள் எத்தனை வாரம் விளக்கின் கீழ் இருந்தது என்பதற்கும் கணக்கு உண்டு.

இதெல்லாம் வெறும் குமாஸ்தா வேலை என்பவர்களுக்கு 2023ஆம் ஆண்டு நினைவிருக்கட்டும். லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் சுமார் 2,000 பொருள்கள் காணாமலோ, திருடப்பட்டோ, சேதமடைந்தோ போயிருப்பதாகத் தெரியவந்தது. இயக்குநர் பதவி விலகினார். அங்கே இருப்பவை சுமார் 80 லட்சம். மக்கள் பார்வைக்கு இருப்பவை ஏறக்குறைய 80,000 மட்டுமே. காணாமல் போனவற்றில் பல ஒழுங்காகப் பட்டியலிடப்படாதவை. பட்டியலில் இல்லாத பொருள் தொலைந்தால், தொலைந்தது என்றுகூட நிரூபிக்க முடியாது.

மற்ற வேலைகளுக்கும் அவற்றுக்கே உரிய சலிப்பு உண்டு. விழா ஏற்பாடு என்றால் நாளில் பாதி மின்னஞ்சல், அனுமதி, வண்டியில் எது முதலில் ஏறும் என்ற பட்டியல். கல்விப் பிரிவில் இருந்தால் ஒரே ஓவியத்தைப் பற்றி ஒரே நாளில் பல குழந்தைக் கூட்டங்களுக்குச் சொல்ல வேண்டும், ஒவ்வொரு முறையும் புதிதாகப் பார்ப்பது போல. பழைய பொருள்களைச் சுத்தம் செய்து சீரமைக்கும் நிபுணர் பஞ்சுக் குச்சியால் அங்குலம் அங்குலமாக அழுக்கை எடுப்பார். (இந்த ஒன்றுக்கு மட்டும் முறையான படிப்பு கட்டாயம் வேண்டும், வேதியியல் உட்பட. மற்றவற்றில் பட்டத்தைவிடச் செய்து காட்டியது எடுபடும்.) காவலுக்கு நிற்பவரை யாரும் கணக்கில் எடுப்பதில்லை, ஆனால் ஓர் ஓவியத்தோடு அவரளவுக்கு நேரம் கழிப்பவர் யார்? அமெரிக்காவின் பால்டிமோர் கலை அருங்காட்சியகம் 2022இல் 17 காவலர்களையே ஒரு கண்காட்சியைத் தேர்ந்து வடிவமைக்க வைத்தது.

உங்களுக்கு எது பொருந்தும் என்று அறிய, அந்த வேலையில் இருப்பவரைப் பிடித்து, "போன செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து மாலை வரை என்ன செய்தீர்கள்?" என்று கேளுங்கள். "உங்கள் வேலை எப்படி?" என்று கேட்டால் அழகான பதில் வரும், செவ்வாய்க்கிழமையைப் பற்றிக் கேட்டால் உண்மை வரும். கேட்டு முடித்ததும் அந்த நாளில் எந்த மணி நேரம் உங்களை ஈர்த்தது, எந்த மணி நேரத்தில் கொட்டாவி வந்தது என்று குறித்து வைத்துக்கொள்ளுங்கள். நான்கைந்து பேரிடம் கேட்டாலே உங்கள் பக்கம் எது என்று தெரிந்துவிடும்.

உங்களுக்கென்று ஒரு கலை இருந்தால் இன்னொரு எச்சரிக்கை. அதே திறனைத் தின்னும் வேலைக்குப் போகாதீர்கள். நாள் முழுக்கச் செய்திக்குறிப்பு எழுதும் கவிஞருக்கு மாலையில் கவிதை வராது. எனக்குத் தெரிந்த எழுத்தாளர்களில் மேடை விளக்கு கட்டப் போனவர்கள்தான் தொடர்ந்து எழுதுகிறார்கள்.

அப்புறம் பணம். 1966இல் வில்லியம் பாமோல், வில்லியம் போவன் என்ற பொருளாதார அறிஞர்கள் நிகழ்கலைகளை ஆராய்ந்து ஒன்றைச் சொன்னார்கள். தொழிற்சாலையில் இயந்திரம் வந்தால் குறைந்த நேரத்தில் அதிகம் செய்யலாம். நால்வர் வாசிக்க வேண்டிய இசைக்கு அன்றும் நால்வர், இன்றும் நால்வர், நேரமும் அதே. ஆனால் மற்ற துறைகளில் கூலி ஏறும்போது இங்கேயும் செலவு ஏறும், வரவு அந்த வேகத்தில் ஏறாது. ஆகவே சம்பளம் குறைவாக இருப்பது உங்கள் தகுதிக்குக் கிடைத்த தீர்ப்பு அல்ல. அதே சமயம், அதை "உங்களுக்குத்தான் ஆர்வம் இருக்கிறதே" என்று சொல்லி மேலும் குறைக்கவும் யாருக்கும் உரிமையில்லை. ஆர்வத்தைச் சம்பளத்தின் ஒரு பகுதியாகக் கணக்கிடும் இடத்தில் நான் வேலை செய்ய மாட்டேன்.

எந்த வேலையானாலும் எழுத்தில் வாங்குங்கள்: என்ன செய்ய வேண்டும், எவ்வளவு, எந்தத் தேதியில் பணம் வரும், நிகழ்ச்சி ரத்தானால் என்ன கிடைக்கும், உங்கள் பெயர் எங்கே எப்படி வரும், நீங்கள் உருவாக்கியதன் உரிமை யாருக்கு. ரத்தானால் என்ன என்பதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். சம்பளமில்லாமல் உதவப் போனால் யாரிடமிருந்து எதைக் கற்கப் போகிறேன், எந்தத் தேதியோடு நிறுத்துவேன் என்ற இரண்டையும் போவதற்கு முன்பே முடிவு செய்யுங்கள். முடிவுத் தேதி இல்லாத உதவிக்குப் பெயர் வேலை.

நிதிக்கு விண்ணப்பிப்பவர்களுக்கு ஒரே யோசனை: முதலில் வரவுசெலவுக் கணக்கை எழுதுங்கள், வர்ணனையைப் பிறகு எழுதுங்கள். "சமூகத்தோடு உரையாடல்" என்று எழுதுவது சுலபம். கணக்கில் அதற்கு ஒரு வரி கூட இல்லையென்றால், தேர்வுக் குழுவில் உட்கார்ந்திருக்கும் என்னைப் போன்றவர்களுக்கு அது முதலில் கண்ணில் படும். மொழிபெயர்ப்பாளருக்கு எவ்வளவு, சக்கர நாற்காலியில் வருபவருக்குச் சரிவுப்பாதைக்கு எவ்வளவு என்று எழுதும்போதுதான் உங்களுக்கே உங்கள் திட்டம் புரியும்.

யாரும் அழைக்கவில்லையே என்று காத்திருக்கவும் வேண்டாம். 1947இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் நடந்த முதல் சர்வதேச விழாவுக்கு அழைக்கப்படாத எட்டு நாடகக் குழுக்கள் தாங்களாகவே போய், கிடைத்த இடத்தில் நடித்தன. உலகின் மிகப் பெரிய கலை விழாக்களில் ஒன்றான ஃபிரிஞ்ச் அப்படித்தான் உருவானது.

இந்த வேலைக்கெல்லாம் என்ன அர்த்தம் என்ற கேள்வி, சேர்ந்த புதிதில் வராது. மூன்றாவது நான்காவது ஆண்டில், ஓர் ஏப்ரல் மாதக் கணக்கு முடிக்கும்போது வரும். நிறுவனத்தின் குறிக்கோள் வாசகத்தில் விடை தேடாதீர்கள். அது நிதி கொடுப்பவர்களுக்காக எழுதப்பட்டது. "பண்பாடு" என்ற பெரிய சொல்லிலும் தேட வேண்டாம், அது யாரையும் தாங்காது. நான் கேட்டுக்கொள்வது இதுதான்: இந்த வாரம் என் வேலையால் எந்த மனிதருக்கு எது நடந்தது? ஒரு முறை ஒரு பெண் வந்து, தன் பாட்டி நெய்த துணி இங்கே இருக்கிறதாமே என்று கேட்டார். எனக்கு முன்னால் இருந்த யாரோ ஒருவர், கொடுத்தவரின் பெயரோடு நெய்தவரின் பெயரையும் பதிவில் எழுதியிருந்தார். அவர் எழுதாமல் விட்டிருந்தால் அது "பருத்தித் துணி, கோடு போட்டது" என்று மட்டுமே இருந்திருக்கும். அன்றிலிருந்து செய்தவரின் பெயர் தெரியாமல் ஒரு பதிவையும் நான் எளிதில் மூடுவதில்லை. கொடுத்தவர்களைத் தொலைபேசியில் தொல்லை செய்வேன். என் வேலையின் நோக்கம் என்ன என்று கேட்டால் அந்தத் தொல்லைதான்.

எல்லா வாரமும் அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காது, பரவாயில்லை. பல மாதங்கள் கிடைக்கவில்லையென்றால், துறையை விடுவதற்கு முன் துறைக்குள்ளேயே இடம் மாறிப் பாருங்கள். எனக்கு மேடையில் கிடைக்காமல் போனது கிடங்கில் கிடைத்தது.

கடைசியாக, முதல் கடிதம். "எந்த வேலையானாலும் செய்யத் தயார்" என்று எழுதாதீர்கள். படிப்பவர் உங்களுக்காக வேலை யோசிக்க வேண்டியிருக்கும், அவருக்கு நேரமில்லை. அவர்கள் செய்த ஒரு குறிப்பிட்ட காரியத்தைச் சொல்லி, அரை நாள் கூட இருந்து பார்க்க அனுமதி கேளுங்கள், இரண்டு தேதிகள் கொடுங்கள். பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து ஒரே ஒரு முறை நினைவூட்டுங்கள். நிகழ்ச்சி தொடங்கும் வாரத்தில் அனுப்பினால் யாரும் திறக்கவே மாட்டார்கள். அருங்காட்சியகமாக இருந்தால் பார்வையாளர்களுக்கு விடுமுறையான நாளைக் கேளுங்கள், பல இடங்களில் அது திங்கட்கிழமை. பொருள்களை நகர்த்துவதும் விளக்கு மாற்றுவதும் அன்றைக்குத்தான்.