மாற்று மூட்டு நகர்ந்ததா? படம் பார்ப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்து சில ஆண்டுகளில் வலி திரும்பியதும், அம்பாசமுத்திரத்திலிருந்தோ வள்ளியூரிலிருந்தோ பேருந்து ஏறிப் பாளையங்கோட்டைக்கு வருபவர்களில் பலர் அன்று எடுத்த எக்ஸ்ரே ஒன்றை மட்டுமே கையில் வைத்திருப்பார்கள். பொருத்திய உலோகம் இடம் நகர்ந்ததா என்பதற்கு அந்த ஒற்றைப் படம் பெரும்பாலும் பதில் சொல்லாது. இரண்டு தேதிகளில் எடுத்த படங்களை ஒப்பிட்டால்தான் நகர்வு தெரியும் என்பதால், அறுவை முடிந்ததும் எடுத்த முதல் படத்தைத் தொலைப்பதையே நான் தலையாய தவறு என்பேன். அதை டைகாம் கோப்பாக, அதாவது மருத்துவப் படங்களை அளவு மாறாமல் சேமிக்கும் கணினிக் கோப்பாக, கேட்டு வாங்கிவைப்பது நல்லது. பிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பிய போட்டோவில் மில்லிமீட்டர் அளக்க முடியாது.

இரண்டு படங்கள் இருந்தாலும் அவை ஒரே நிலையில் எடுக்கப்பட்டிருக்க வேண்டும். கால் சற்றுத் திரும்பியிருந்தாலோ, முழங்கால் லேசாக மடங்கியிருந்தாலோ, நகராத உலோகமும் நகர்ந்ததுபோலத் தோன்றும். முழங்காலில் கதிர் உலோகத் தட்டுக்கு இணையாகச் செல்லாவிட்டால், தட்டின் நிழல் அதன் அடியில், உலோகத்துக்கும் எலும்புக்கும் இடையே தெரியும் கருங்கோட்டை மறைத்துவிடும். அந்தக் கோடு தெரிந்த உடனே மூட்டு கழன்றுவிட்டது என்று பதறுவதும் பிழைதான். 2 மில்லிமீட்டருக்குள் ஆண்டுக்கணக்கில் மாறாமல் நிற்கும் கோடு பெரும்பாலும் தீங்கற்றது. படத்துக்குப் படம் அகலமாகும் கோடே கவலைக்குரியது. இடுப்பு மூட்டு மாற்றில் சிமென்ட் இல்லாமல் தொடை எலும்புக்குள் பொருத்திய உலோகத் தண்டு முதல் சில மாதங்களில் சற்று இறங்கிப் பின் நிலைகொள்வதும் உண்டு.

சாதாரண எக்ஸ்ரேயில் மிகச் சிறிய நகர்வு பிடிபடாது. சுவீடனின் லுண்ட் நகரில் கோரன் செல்விக் 1974-இல் முன்வைத்த முறையில், அறுவையின்போதே எலும்பில் டான்டலம் என்ற உலோகத்தாலான சிறு மணிகளைப் பதித்து, இரு கோணங்களில் ஒரே நேரத்தில் படமெடுத்து, மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு நகர்வைக் கணக்கிடுகிறார்கள். பெரும்பாலும் ஆய்வுகளில் பயன்படும் இதை, மணிகள் பதிக்காதவருக்குப் பின்னாளில் கேட்பதில் பயனில்லை. அவருக்கு வெவ்வேறு காலத்து சிடி ஸ்கேன்களை ஒப்பிடுவது உதவலாம். எம்ஆர்ஐயில் உலோகம் தன்னைச் சுற்றியுள்ள படத்தைக் கலைத்துவிடுவதால், அதைக் குறைக்கும் தனிப் பதிவுமுறை வேண்டும். சிறிதளவு கதிரியக்க மருந்தை ஊசியில் செலுத்தி எடுக்கும் எலும்பு ஸ்கேனோ, மூட்டு தளராவிட்டாலும் அறுவைக்குப் பின் முதல் ஆண்டில் அந்த இடத்தை இயல்பாகவே பளிச்சென்று காட்டும்.

மூட்டு தளர்ந்தது உறுதியானாலும், தொற்றினால் தளர்ந்ததா என்பதைப் படம் மட்டும் தீர்மானிக்காது. உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் சிஆர்பி, ஈஎஸ்ஆர் இரத்தப் பரிசோதனைகளும் மூட்டு நீர்ப் பரிசோதனையும் தேவைப்படும். அந்த நீரை எடுப்பதற்கு முன், மருத்துவரைக் கேட்காமல் மருந்துக்கடையில் ஆன்டிபயாட்டிக் வாங்கி விழுங்கினால், கிருமி இருந்தும் பரிசோதனையில் வளராமல் போய்விடலாம்.