பிளாஸ்டிக் படைவீரர் மேல் பெயின்ட் உரியாமல் இருக்க

ராத்திரி பகலாக உட்கார்ந்து பெயின்ட் அடித்த 1/72 அளவுப் (நிஜ ஆளின் உயரத்தில் 72-இல் ஒரு பங்கு) பொம்மைப் படைவீரர், மேசைமேல் ஆடும் போர் விளையாட்டில் இரண்டு ஆட்டம் முடிவதற்குள் துப்பாக்கி முனையில் தோலுரிந்து நின்றால் மனசு வலிக்கும். இந்த அளவில் பெரும்பாலும் வளையக்கூடிய மென்பிளாஸ்டிக் பொம்மைகள்தான் வருகின்றன. பொம்மை வளையும், பெயின்ட் வளையாது. அதனால் வெடித்து உதிர்கிறது. போதாக்குறைக்கு, அச்சிலிருந்து கழற்றுவதற்காகத் தடவிய வழுவழுப்பும் மேலே ஒட்டியிருக்கலாம்.

முதலில் வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு விட்டு, பழைய டூத் பிரஷால் தேய்த்துக் கழுவுங்கள். சட்டை மடிப்பு, தோள்பை இடுக்கு எதையும் விடாதீர்கள். நன்றாகக் காயட்டும். அப்புறம் மரவேலைக்குப் பயன்படும் வெள்ளைப் பசையைத் தண்ணீர் கலந்து பால் பதத்துக்குக் கொண்டுவந்து, மெல்லியதாக ஒரு பூச்சு. காய்ந்ததும் அது வளைந்து கொடுக்கும் மெல்லிய படலமாகிவிடும். அதன்மேல் அக்ரிலிக் பெயின்ட் நன்றாகப் பிடிக்கும்.

நிறத்தில் ஒரு விஷயம். 1815 வாட்டர்லூ போரின் பிரெஞ்சுக் காலாட்படைக்கு அடர்நீலக் கோட்டு. அதே நீலத்தை அப்படியே பூசினால், 25 மில்லிமீட்டர் உயர வீரர் மேசையில் கறுப்பாகத்தான் தெரிவார். கொஞ்சம் வெளிறிய நீலம் எடுங்கள், மடிப்புகளில் மட்டும் அடர்நீலம் விடுங்கள். கோட்டு உயிர்பெற்றுவிடும்.

கடைசியில் பளபளப்பு வார்னிஷ் ஒரு பூச்சு, அது முழுதாகக் காய்ந்தபின் மேட் (பளபளப்பில்லாத) வார்னிஷ் ஒரு பூச்சு. விளையாடும்போது ஈட்டியைப் பிடித்துத் தூக்காமல், அடித்தட்டைப் பிடித்தே நகர்த்துங்கள்.