பொம்பெயி நகரத்துப் புளிமாவு ரொட்டி: படிப்படியான செய்முறை

கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது, இத்தாலியின் பண்டைய ரோமானிய நகரமான பொம்பெயியில் ரொட்டிக்கடை ஒன்றின் அடுப்பில் வெந்துகொண்டிருந்த 81 ரொட்டிகள் உருக்குலையாமல் கரியாக எஞ்சின. அந்தப் பேரழிவில் உயிரிழந்த ரோமானிய எழுத்தாளர் மூத்த பிளினி, ரோமானியர் மாவைப் புளிக்கவைத்த முறைகளைத் தமது ‘இயற்கை வரலாறு’ நூலில் எழுதிவைத்திருக்கிறார். திராட்சைச் சாற்றில் சிறுதானியத்தைப் பிசைந்து ஓராண்டுக்கு வைத்துக்கொள்ளும் வழக்கம் இருந்தாலும், முந்தைய நாள் மாவில் சிறிது எடுத்துவைப்பதே பொதுவான முறை என்கிறார். தொடக்கநிலையினருக்கும் அதுவே ஏற்றது.

புளிமாவு தயாரித்தல்

முதல் முறை செய்பவரிடம் பழைய மாவு இருக்காது என்பதால், 100 கிராம் முழுக்கோதுமை மாவை 60 மில்லி நீருடன் கெட்டியாகப் பிசைந்து, மண்சட்டியில் ஈரத்துணியால் மூடி வையுங்கள். நாள்தோறும் பாதியை நீக்கிவிட்டு, 50 கிராம் மாவும் 30 மில்லி நீரும் சேர்த்துப் பிசையுங்கள். இரண்டாம், மூன்றாம் நாளில் சற்றே விரும்பத்தகாத வாடை எழுந்தால் அஞ்ச வேண்டாம். புளிப்பு ஏற ஏற அது மறைந்துவிடும். ஏறத்தாழ ஒரு வாரத்தில், பிசைந்த சில மணி நேரத்துக்குள் மாவு இருமடங்காக உப்பத் தொடங்கும். அதற்கு முன் அவசரப்பட்டுச் சுட்டால் ரொட்டி கல்லாகத்தான் வரும்.

பிசைதல்

150 கிராம் புளிமாவை 350 மில்லி நீரில் கரைத்து, 500 கிராம் மாவைச் சேர்த்துப் பத்து நிமிடம் பிசையுங்கள். உப்பை இப்போது சேர்க்கக் கூடாது. உப்பிடாத மாவிலிருந்தே புளிமாவு எடுக்கப்பட்டதாகப் பிளினி கூறுவது பொருத்தமானதே, ஏனெனில் உப்பு புளித்தலைத் தாமதப்படுத்தும். ஆகவே 150 கிராம் உருண்டையை அடுத்த முறைக்காக எடுத்துவைத்த பிறகே 10 கிராம் உப்பைச் சேருங்கள். மறுநாளே சுடப்போவதில்லை என்றால் அவ்வுருண்டையைக் குளிர்பதனப் பெட்டியில் வைக்கலாம். ரோமானியருக்கு அந்த வசதி இல்லை, அவர்கள் அன்றாடம் சுட்டார்கள்.

உருவமைத்தல்

மாவு நான்கு, ஐந்து மணி நேரத்தில் நன்கு உப்பியதும், 20 செ.மீ. அகல வட்டமாகத் தட்டி, நனைத்த பருத்தி நூலைப் பக்கவாட்டில் சுற்றிக் கட்டுங்கள். மேற்புறத்தில் மழுங்கிய கத்தியால் எட்டுப் பங்குகளாக ஆழ அழுத்துங்கள். அகழாய்வில் கிடைத்த ரொட்டிகளில் இவ்விரு தடங்களும் தெளிவாகத் தெரிகின்றன. அதே வெடிப்பில் புதையுண்ட அண்டை நகரமான ஹெர்குலேனியத்தில் கிடைத்த ரொட்டி ஒன்றில், குவின்டஸ் கிரானியஸ் வெருஸ் என்பவரின் அடிமையான கெலெரின் பெயர் முத்திரையாகவே பதிந்திருக்கிறது. பின்னர் ஒன்றரை மணி நேரம் மூடி வையுங்கள்.

சுடுதல்

அக்காலத்தில் குவிமாட அடுப்பில் விறகெரித்து, தணலை ஒதுக்கி, சூடேறிய தளத்தின் மேலேயே ரொட்டியை வைத்தார்கள். மின்னடுப்பில் கனமான இரும்புச் சட்டியை மூடியோடு 230 டிகிரி செல்சியஸில் அரை மணி நேரம் காயவைத்தால் ஏறக்குறைய அதே வெப்பம் கிட்டும். ரொட்டியை அதில் வைத்து, மூடிய நிலையில் 25 நிமிடமும் திறந்த நிலையில் 20 நிமிடமும் சுடுங்கள். அடிப்பகுதியைத் தட்டும்போது வெற்றுப்பானை போல ஒலித்தால் வெந்துவிட்டது. சூட்டோடு பிய்த்தால் உள்ளே பிசுபிசுக்கும். ஒரு மணி நேரமாவது ஆறவிட்டு, நூலை அவிழ்த்து, பதிந்த கோடுகளின் வழியே பிரித்தெடுங்கள்.