பணியிட விபத்து இழப்பீட்டுக் காப்பீடு: நிறுவனத்தைப் பதிவு செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பணியிட விபத்து இழப்பீட்டுக் காப்பீட்டுக்கு ஒரு நிறுவனத்தைப் பதிவு செய்யும்போது, அதிகம் யோசிக்காமல் நிரப்பப்படும் கட்டம் ஒன்று உண்டு. முதல் தொழிலாளி வேலைக்குச் சேர்ந்த நாள் எது என்று அது கேட்கும். நிறுவனத்தைத் தொடங்கிய தேதியை ஒருவர் எழுதுவார். இயந்திரங்கள் வந்து இறங்கிய தேதியை இன்னொருவர் எழுதுவார். படிவம் நிரப்புகிற அன்றைய தேதியையே போட்டுவிடுகிறவர்களும் உண்டு. சிறு நிறுவனங்களுக்குக் கணக்கெழுதிக் கொடுக்கும் வேலையில் இப்படிவங்களைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். பதிவு என்பதை அலுவலகத்துக்குக் கொடுக்க வேண்டிய ஒரு தாளாக நினைப்பதால்தான் மற்ற தவறுகளும் நேர்கின்றன. உண்மையில் நம் பட்டறையில் யார், எங்கே, என்ன வேலை, எவ்வளவு சம்பளத்துக்குச் செய்கிறார்கள் என்பதை நாமே எழுதிக் கையெழுத்திடும் வாக்குமூலம் அது. விபத்து நடந்த மறுநாள் அதைத்தான் முதலில் எடுத்துப் பார்ப்பார்கள்.

முதல் தவறு, காலம் தாழ்த்துவது. ஜப்பானில் முதல் தொழிலாளி வேலைக்கு வந்த பத்து நாள்களுக்குள் நிறுவனம் அறிவிப்புப் படிவம் கொடுக்க வேண்டும். மலேசியாவில் 30 நாள்கள் தருகிறார்கள். இந்தக் கெடு காகிதம் கொடுப்பதற்கான கெடு மட்டுமே. தொழிலாளிக்கு நேரும் காயத்துக்கு முதலாளியின் பொறுப்பு, அவர் முதல் நாள் கருவியைக் கையில் எடுத்த நேரத்திலேயே தொடங்கிவிடுகிறது. ஹாங்காங்கில் காப்பீடு நடப்பில் இல்லாமல் ஒருவரை வேலையில் வைப்பதே குற்றம். 'மூன்று மாதம் ஆள் நிலைக்கிறாரா என்று பார்த்துவிட்டுச் சேர்க்கலாம்' என்று சொல்லும் உரிமையாளர்களின் கணக்கு எனக்குப் புரிகிறது; ஆனால் அந்தக் கணக்கு ஆபத்தான இடத்தில் தவறிப்போகிறது. இயந்திரத்தின் போக்கு தெரியாத, எங்கே கை வைக்கக்கூடாது என்று இன்னும் பழகாத புதியவர்களுக்குத்தான் முதல் மாதத்தில் காயம் படும் வாய்ப்பு மிக அதிகம். மரப் பட்டறையில் மூன்றாம் நாள் வட்ட வாளின் அருகே நின்று பலகையைத் தள்ளிக்கொடுக்கும் உதவியாளரை நினைத்துப் பாருங்கள். பத்தாண்டு பழகிய தச்சர் தள்ளுகோலை எடுப்பார். இவர் விரலாலேயே தள்ளுவார். காப்பீடு யாருக்கு முதலில் தேவையோ அவரைத்தான் கடைசியாகச் சேர்க்கிறோம்.

அடுத்தது, எந்தக் காப்பீட்டை வாங்குகிறோம் என்பதிலேயே உள்ள குழப்பம். குழு மருத்துவக் காப்பீடு இருக்கிறது, தனிநபர் விபத்துப் பாலிசி இருக்கிறது, இது எதற்கு என்று கேட்பவர்கள் ஏராளம். மருத்துவக் காப்பீடு மருத்துவமனைச் செலவைக் கட்டும். வேலைக்கு வர முடியாத நாள்களின் சம்பளத்துக்கும், நிரந்தர ஊனத்துக்கும், இறந்தவரின் குடும்பத்துக்கும் சட்டப்படி தர வேண்டிய தொகைக்கு அது பொறுப்பேற்காது. அதற்குப் பொறுப்பேற்பது பணியிட விபத்துக் காப்பீடுதான்; இதன் பிறப்பே வேறு. ஜெர்மனியில் 1884ஆம் ஆண்டுச் சட்டமும் பிரிட்டனில் 1897ஆம் ஆண்டுச் சட்டமும் வருவதற்கு முன், கை இழந்த தொழிலாளி முதலாளியின் கவனக்குறைவை நீதிமன்றத்தில் நிரூபித்தால்தான் பணம் பெற முடியும். அந்தச் சட்டங்கள், தவறு யாருடையது என்று விசாரிக்காமலேயே இழப்பீடு தரும் வழியைத் திறந்தன. அதற்கு ஈடாக, பதிவு செய்து பிரீமியம் கட்டும் முதலாளிக்குப் பல நாடுகளில் தனி வழக்குகளிலிருந்து பாதுகாப்புக் கிடைக்கிறது. பதிவு செய்யாதவர் அந்தப் பாதுகாப்பையும் சேர்த்தே இழக்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

எங்கே பதிவு செய்வது என்பதும் நாட்டுக்கு நாடு வேறு. இந்தியாவில் தொழிலாளர் அரசுக் காப்பீட்டை நடத்தும் இ.எஸ்.ஐ., மலேசியாவில் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பைக் கவனிக்கும் பெர்கெசோ போன்றவை அரசு அமைப்புகள். சிங்கப்பூரிலும் ஹாங்காங்கிலும் காப்பீட்டு நிறுவனங்களிடம் பாலிசி வாங்க வேண்டும். அமெரிக்காவில் இது மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது: ஒஹாயோ, வாஷிங்டன், வடக்கு டகோட்டா, வயோமிங் ஆகிய நான்கு மாநிலங்களில் காப்பீட்டை இதற்கான அரசு நிதியத்திடம்தான் வாங்க முடியும், தனியார் பாலிசி அங்கே செல்லாது. ஆகவே தலைமை அலுவலகம் இருக்கும் இடத்தில் ஒரு பாலிசி எடுத்துவிட்டு எல்லாக் கிளைகளுக்கும் அதுவே போதும் என்று இருப்பது தவறு. ஆள் எங்கே நின்று வேலை செய்கிறாரோ அந்த இடத்தின் சட்டத்தைப் பாருங்கள்.

எல்லாவற்றையும்விட அதிகத் தகராறு வருவது, யாரைத் தொழிலாளியாகக் கணக்கிடுவது என்பதில்தான். சம்பளப் பட்டியலில் பெயர் உள்ளவர்களை மட்டும் எழுதிவிட்டு, வார இறுதியில் மட்டும் வருபவர், தினக்கூலிக்கு வருபவர், பயிற்சிக்கு வந்த இளைஞர், சம்பளம் வாங்காமல் உதவும் உறவினர் ஆகியோரை விட்டுவிடுகிறோம். ஹாங்காங் சட்டம் இதில் ஐயத்துக்கே இடம் வைக்கவில்லை: ஒப்பந்தக் காலம் எவ்வளவு, வேலை நேரம் எவ்வளவு, முழு நேரமா பகுதி நேரமா என்று பாராமல் எல்லாத் தொழிலாளர்களுக்கும் காப்பீடு வேண்டும் என்கிறது. சிங்கப்பூரில் உடலுழைப்பு வேலை செய்பவர் என்ன சம்பளம் வாங்கினாலும் அவருக்குக் காப்பீடு கட்டாயம். மற்றவர்களுக்குத்தான் சம்பள வரம்பு உண்டு. அலுவலக ஊழியருக்கான வரம்பைத் தொழிற்கூடத் தலைமைப் பணியாளருக்கும் பொருத்தி, 'இவர் சம்பளம் அதிகம், சேர்க்க வேண்டாம்' என்று விட்டுவிடுவது அங்கே எளிதில் நேரக்கூடிய பிழை. அயல்நாட்டுத் தொழிலாளர்கள் விஷயத்திலும் கவனம் வேண்டும். விபத்து இழப்பீட்டில் அவர்களுக்கு உள்நாட்டவருக்கு இணையான உரிமை தர வேண்டும் என்பதற்காகவே பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1925இல் தனியாக ஓர் உடன்படிக்கையை நிறைவேற்றியது. எந்த நாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருந்தாலும் காயத்தின் வலி ஒன்றுதான். அந்த எளிய நியாயத்தைச் சட்டம் நூறாண்டுகளுக்கு முன்பே ஏற்றுக்கொண்டுவிட்டது.

இதன் மறுபக்கமாக, உரிமையாளர் தாமும் தானாகவே காப்பீட்டுக்குள் இருப்பதாக நம்பிக்கொண்டிருப்பதும் உண்டு. சிறு பட்டறைகளில் உரிமையாளரும் தொழிலாளிக்குச் சமமாக ஏணி ஏறுகிறார், பாரம் தூக்குகிறார். ஆனால் சட்டத்தின் கண்ணில் அவர் தொழிலாளி அல்லர். ஜப்பான் போன்ற நாடுகளில் சிறு நிறுவன உரிமையாளர்கள் விரும்பினால் சேர்ந்துகொள்ளத் தனி ஏற்பாடு இருக்கிறது. அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். பங்குதாரர்கள், இயக்குநர்கள் நிலை என்ன என்பதையும் பதிவின்போதே எழுத்தில் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

ஒப்பந்ததாரர் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 'அந்த ஆள்கள் என் ஆள்கள் அல்லர், ஒப்பந்ததாரரின் ஆள்கள்' என்பது விபத்துக்குப் பின் அடிக்கடி கேட்கும் வாசகம். பெரும்பாலான சட்டங்கள் அதை அவ்வளவு எளிதில் ஏற்பதில்லை. ஜப்பானின் கட்டுமானத் துறையில் துணை ஒப்பந்ததாரர்கள் எத்தனை அடுக்காக இருந்தாலும், அந்தத் தளத்தில் வேலை செய்யும் எல்லாத் தொழிலாளர்களுக்கும் முதன்மை ஒப்பந்ததாரரே காப்பீட்டுப் பொறுப்பாளி. ஒப்பந்ததாரர் காட்டும் சான்றிதழை வாங்கிக் கோப்பில் வைத்துக்கொண்டால் போதும் என்று நினைப்பவர்கள், அதில் காப்பீடு முடியும் தேதியைப் பார்ப்பதில்லை. ஆண்டின் தொடக்கத்தில் வாங்கிய சான்றிதழ் ஆண்டின் நடுவில் காலாவதியாகியிருக்கும். சான்றிதழில் உள்ள பெயரும் ரசீது கொடுக்கும் நிறுவனத்தின் பெயரும் ஒன்றா, நம் தளத்தில் நடக்கும் வேலை அதில் அடங்குமா என்பதையும் பார்க்க வேண்டும். வர்ணம் பூசுவதற்கு மட்டும் காப்பீடு எடுத்தவர் கூரைத் தகடு மாற்றும் வேலையை ஒப்புக்கொண்டால், அந்தத் தாளை நம்பி ஆளை மேலே ஏற்றக்கூடாது. இன்னொன்று, மாதம் முழுவதும் நம் இடத்தில், நம் கருவியில், நம் மேற்பார்வையில் வேலை செய்யும் ஒருவரைத் 'தனி ஒப்பந்ததாரர்' என்று காகிதத்தில் எழுதிவிட்டால் அவர் அப்படி ஆகிவிடமாட்டார். ஒப்பந்தத்தின் தலைப்பைவிட வேலை நடக்கும் விதத்தையே நீதிமன்றங்கள் பார்க்கின்றன.

தொழிலின் வகையைக் குறிப்பிடும் இடத்தில் நேரும் பிழை பணத்தோடு நேரடியாகத் தொடர்புடையது. பல நாடுகளில் பிரீமியம் என்பது மொத்தச் சம்பளத்தைத் தொழிலின் ஆபத்துக்கேற்ற விகிதத்தால் பெருக்கி வருவது. ஜப்பானில் 2024இல் திருத்தப்பட்ட விகிதங்களின்படி, ஆபத்து மிகக் குறைந்த தொழில்களுக்கு 0.25 சதவீதம், சுரங்கத் தொழிலுக்கு 8.8 சதவீதம், முப்பத்தைந்து மடங்கு வித்தியாசம். இந்த இடைவெளிதான் ஆசையைத் தூண்டுகிறது. இரும்புக் கதவுகளை வெட்டி, வெல்டிங் செய்து, மூன்றாம் மாடிவரை ஏறிப் பொருத்தும் ஒரு நிறுவனம், தன்னை 'இரும்புப் பொருள் விற்பனை' என்று பதிவு செய்திருந்ததை நான் கண்டிருக்கிறேன். விற்பனையும் செய்தார்கள் என்பது உண்மைதான். ஆனால் அங்கிருந்த ஆறு பேரில் ஒருவர்தான் மேசையில் உட்கார்ந்திருந்தார். தணிக்கைக்கு வந்தவர் வாயில் ஓரத்தில் அடுக்கியிருந்த ஏணிகளையும் வெல்டிங் முகமூடிகளையும் பார்த்த மாத்திரத்தில் வகையை மாற்றி எழுதினார். முந்தைய ஆண்டுகளின் வித்தியாசத் தொகையும் அபராதமும் சேர்ந்து வந்தபோது, மிச்சப்படுத்தியதாக நினைத்த பணத்தைவிட அது அதிகமாக இருந்தது. எதிர்த் திசையிலும் தவறு நடக்கிறது: வகைகளைப் பிரித்துக் காட்டச் சட்டம் அனுமதிக்கும் இடங்களில், கணக்கர், வரைவாளர் எல்லோரையும் கூரையேறுபவரின் வகையிலேயே போட்டு அதிகம் கட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். வகையின் எண்ணைத் தேடும் முன், என்ன பொருள், எந்த இயந்திரம், எவ்வளவு உயரம், யார் தூக்குகிறார் என்று நான்கைந்து வாக்கியங்களில் வேலையை எழுதிப் பாருங்கள். பெரும்பாலும் சரியான வகை அந்த வாக்கியங்களிலேயே தெரிந்துவிடும்.

சம்பளத்தைக் குறைத்துக் காட்டுவதை நான் மன்னிக்க முடியாத தவறாகவே கருதுகிறேன், ஏனென்றால் இதில் நட்டப்படுகிறவர் கையெழுத்துப் போடாத ஒருவர். காயம் பட்டவருக்கு வாரந்தோறும் வரும் தொகை அவருடைய சம்பளத்தின் அடிப்படையில் கணக்கிடப்படுகிறது. மிகைநேர ஊதியத்தையும் படிகளையும் கையில் ரொக்கமாகக் கொடுத்துவிட்டு, அடிப்படைச் சம்பளத்தை மட்டும் பதிவில் காட்டினால், கால் முறிந்து ஆறு மாதம் படுத்திருப்பவரின் வீட்டுக்குப் பாதிப் பணம்தான் போகும். பதிவின்போது கொடுப்பது மதிப்பீடுதான். ஆண்டு முடிவில் உண்மைக் கணக்கோடு ஒப்பிட்டுக் கூடுதலைக் கட்டவும் மிகுதியைத் திரும்பப் பெறவும் பல நாடுகளில் வழி உண்டு. எனவே பயந்து குறைக்க வேண்டிய அவசியமே இல்லை. தொழிலாளியின் சம்பளத்திலிருந்து பிரீமியத்தைப் பிடிப்பதும் இதே வகைத் தவறு. ஜெர்மனி, ஜப்பான், தென்கொரியா ஆகிய நாடுகளில் பணியிட விபத்துக் காப்பீட்டின் முழுச் செலவும் முதலாளியுடையது. மருத்துவம், மகப்பேறு எனப் பலவற்றையும் உள்ளடக்கிய இ.எஸ்.ஐ.யில் தொழிலாளி 0.75 சதவீதம் கட்டுகிறார், நிறுவனம் 3.25 சதவீதம் கட்டுகிறது, அந்த 3.25-ஐயும் சம்பளத்தில் கழிப்பது சட்டவிரோதம்.

பதிவு முடிந்தபின் நிறுவனம் மாறுகிறது, பதிவு மட்டும் பழையபடியே நிற்கிறது. ஒருவருக்கு மட்டும் சொந்தமாக இருந்த தொழில் கம்பெனியாக மாறினால், அதே வாசல், அதே ஆள்கள் என்றாலும் சட்டப்படி அது புதிய முதலாளி. பழைய உரிமையாளர் பெயரில் உள்ள பாலிசி புதிய கம்பெனியின் ஆள்களைக் காக்கும் என்று நம்பியிருக்கக் கூடாது. புதிய கிளை, புதிய இயந்திரம், இரவுப் பணி ஆகியவற்றையும் உடனுக்குடன் தெரிவிக்க வேண்டும்.

பதிவே செய்யாவிட்டால் இழப்பீடே தர வேண்டியதில்லை என்ற எண்ணமும் சிலரிடம் இருக்கிறது. ஜப்பானிலும் தென்கொரியாவிலும் நிறுவனம் பதிவு செய்யாமல் இருந்தாலும் காயமுற்ற தொழிலாளிக்கு நிதியத்திலிருந்து இழப்பீடு கிடைக்கும். பிறகு அந்தத் தொகையில் ஒரு பகுதியை முதலாளியிடம் வசூலிக்கலாம். அதிகாரிகள் எடுத்துச் சொல்லியும் வேண்டுமென்றே பதிவு செய்யாதவரிடம் ஜப்பானில் முழுத் தொகையும் கேட்க முடியும். ஹாங்காங்கில் 1,00,000 ஹாங்காங் டாலர்வரை அபராதமும் இரண்டாண்டுவரை சிறையும், சிங்கப்பூரில் 10,000 சிங்கப்பூர் டாலர்வரை அபராதமும் ஓராண்டுவரை சிறையும் விதிக்க இடமுண்டு.

கடைசியாக, பாலிசித் தாளைப் பூட்டிய இழுப்பறையில் வைத்துவிடுவது. ஹாங்காங்கில் காப்பீட்டு அறிவிப்பை எல்லோரும் பார்க்கும் இடத்தில் மாட்டி வைப்பது சட்டப்படி கட்டாயம். சட்டம் கேட்காத நாட்டிலும் அதைச் செய்வதில் ஒரு தடையும் இல்லை. விபத்து இரவு பத்து மணிக்கு நடக்கும்போது உரிமையாளர் வெளியூரில் இருப்பார், கணக்கர் வீட்டில் இருப்பார். அங்கே நிற்கும் மேற்பார்வையாளருக்குப் பாலிசி எண்ணும், எந்த மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும் என்பதும், எத்தனை நாளுக்குள் யாருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பதும் தெரிய வேண்டும். இந்த மூன்றையும் பெரிய எழுத்தில், தொழிலாளர்கள் படிக்கும் மொழிகளில் ஒரே தாளில் எழுதி, முதலுதவிப் பெட்டியின் மூடியில் ஒட்டிவிடுங்கள்.