உயரமும் பருத்த உடல்வாகும் உள்ளவர்கள் சுடிதார் டாப்புக்கு 58 இஞ்ச் அகலக் காட்டன் எடுங்கள்

கோடைக்குக் காட்டன் டாப் தைக்கத் துணி எடுக்கும்போது, விலைக்கு முன் அகலத்தைக் கேளுங்கள். இடுப்பின் அகன்ற இடத்தில் சுற்று 48 இஞ்ச், டாப் உயரம் 48 இஞ்ச் என்றால், 58 இஞ்ச் அகலத்தில் முக்கால் கையோடு 1.75 மீட்டர் போதும். 44 இஞ்ச் அகலத்தில் 2.75 மீட்டர் வேண்டும்.

காரணம் இதுதான்: தளர்வும் தையலும் சேர்த்து முன்பாகம் 28, பின்பாகம் 28 இஞ்ச் வரும். அகலத் துணியில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வெட்டலாம். 44-ல் ஒன்றன் கீழ் ஒன்றாகத்தான் வரும். துணி குறைந்தால் டெய்லர் பக்கவாட்டில் ஒட்டுத் துண்டு வைப்பார். நாகர்கோவில், குளச்சல் பக்கத்துக் கடற்காற்றின் ஈரத்தில் வேர்வை லேசில் காயாது. அந்த ஒட்டுத் தையல் உடம்பில் உரசி எரியும். இதற்காகவே அகலத் துணி நல்லது.

அகலத் துணியின் மீட்டர் விலை, 44 இஞ்ச் துணி விலையில் ஒன்றரை மடங்குக்குள் இருந்தால் லாபம். கடையிலேயே டேப் வைத்து அளந்து பாருங்கள். இருபுறக் கரை நீங்கலாக 56 இஞ்ச் இருக்க வேண்டும். தைக்கும் முன் ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து நிழலில் காயவையுங்கள். காட்டன் நீளவாக்கில்தான் அதிகம் சுருங்கும், உயரமானவர்களுக்கு டாப்பின் உயரம் குறைந்துவிடும்.

இடுப்பு 48-ஐத் தாண்டினாலோ, கீழே விரியும் அம்பர்லா, ஏ-லைன் வெட்டு என்றாலோ இந்தக் கணக்கு ஒத்துவராது. கைத்தறியில் இந்த அகலம் கிடைப்பது அரிது.